எத்தனை அடிக்கு ஒரு செடி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "பயிர் இடைவெளி பற்றிக் கேளுங்கள்" என்று ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான்: ஏக்கருக்கு எத்தனை செடி வைக்கலாம்? நம்பரைச் சொல்லிவிடலாம், ஆனால் அதே நம்பர் ஒரு தோட்டத்தில் லாபத்தையும் பக்கத்துத் தோட்டத்தில் நட்டத்தையும் கொடுத்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் எண்ணிக்கையைக் கேட்கிறவர்களிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் செடியில் இலை எப்படி நிற்கிறது என்பதைத்தான். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

அண்ணா, வைகாசியில் கிணற்றுத் தண்ணீரை நம்பி ஒரு ஏக்கர் மக்காச்சோளம் போட்டேன். எப்போதும் 8 கிலோ விதைதான். இந்தத் தடவை விதை வாங்கிய இடத்தில் "நெருக்கி விடுங்க, வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் எடுக்கறாங்க" என்றார்கள். பாருக்குப் பார் 2 அடி, செடிக்குச் செடி அரை அடி வைத்து 13 கிலோ ஊன்றினேன். தட்டு மெலிசாக உயர்ந்துகொண்டே போனது, நாலில் ஒன்றில் கருதே இல்லை, ஆடிக் காற்றில் பாதிக் காடு படுத்துவிட்டது. விதை தப்புங்களா, நெருக்கம் தப்புங்களா?
– ஒரு வாசகர், பெதப்பம்பட்டி

விதையும் தப்பில்லை, நெருக்கி நடுவதும் பொதுவாகத் தப்பில்லை. அந்த விதையை அவ்வளவு நெருக்கினதுதான் தப்பு.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2 அடிக்கு அரை அடி என்றால் ஒரு செடிக்கு ஒரு சதுர அடி, ஏக்கருக்கு 43,560 செடி. நம் ஊரில் வீரிய ஒட்டு ரகங்களுக்குப் பரிந்துரைக்கிற 60-க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 27,000 தான் வரும். வெளிநாடு என்று சொன்னார்களே, அமெரிக்காவில் 1930-களில் ஏக்கருக்கு சுமார் 12,000 செடி வைத்தார்கள், இப்போது 32,000 பக்கம் வந்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களையும் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர்கள் 12,000-த்திலிருந்து 32,000-க்கு வர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அத்தனை வருடமும் நெருக்கத்தில் வைத்து வைத்து, அங்கேயும் கருது பிடிக்கிற செடியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டே வந்தார்கள். டொனால்ட் டுவிக் என்ற மக்காச்சோள விஞ்ஞானி பழைய ரகங்களையும் புதிய ரகங்களையும் ஒன்றாக நட்டுப் பார்த்தார். பக்கத்தில் போட்டியே இல்லாமல் தாராளமாக இடம் விட்டு வளர்த்தால் ஒரு செடியின் விளைச்சலில் பழசுக்கும் புதுசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெருக்கி நட்டபோதுதான் புதிய ரகம் தாக்குப்பிடித்தது, பழையது மலடாய் நின்றது.

தாக்குப்பிடிக்கிற செடியை எப்படிக் கண்டுபிடிப்பது? காட்டில் ஒரு செடி முன்னால் குத்தவைத்து உட்காருங்கள். தட்டைச் சுற்றி உறை மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிற இலையின் அடிப்பாகமும், வெளியே விரிகிற இலையும் சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் வெளிறிய நிறத்தில் ஆப்பு மாதிரி ஒரு தசை இருக்கும். விரலால் தடவினால் தெரியும். அதுதான் அந்த இலையின் கீல். அது சின்னதாக இருந்தால் இலை கும்பிடத் தூக்கின கை மாதிரி மேல்நோக்கி நிற்கும். பெரிதாக இருந்தால் பந்தியில் போட்ட வாழையிலை மாதிரி படுக்கையாய் விரியும். மக்காச்சோளத்துக்கு மூதாதையான தியோசின்டே என்ற மெக்சிகோ நாட்டுக் காட்டுப் புல்லில், இந்தக் கோணத்தைக் குறுக்குகிற ஒரு மரபுக்கூறு இருப்பதைச் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2019-ல் வெளியிட்டார்கள். மனிதன் மக்காச்சோளத்தைப் பயிராக்கின வழியில் எங்கேயோ நழுவிப்போனது அது. அதைத் திரும்பச் சேர்த்த செடிகள் நெருக்கி நட்டபோது கூடுதலாக விளைந்தன. ஒரு கீலின் அளவில் இவ்வளவு சங்கதி இருக்கிறது.

இந்தக் கோணம் ஏன் முக்கியம்? தரையின் பரப்பளவுக்குச் சமமான இலைப்பரப்பை ஒரு அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 100 பங்கு வெயில் விழுகிறது. இலை படுக்கையாக இருக்கிற பயிரில் முதல் அடுக்கைத் தாண்டி 40 பங்குதான் இறங்கும், இரண்டாவதைத் தாண்டி 16, மூன்றாவதைத் தாண்டி ஆறோ ஏழோ. அதற்குக் கீழே இருக்கிற இலை வெயிலில் சம்பாதிப்பதில்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறது. இலை நிமிர்ந்து நிற்கிற பயிரில் முதல் அடுக்கைத் தாண்டி 67, பிறகு 45, பிறகு 30. ஐந்தாவது அடுக்குக்குக் கீழேகூட 13 பங்கு மிச்சம் இருக்கும். எல்லாம் தோராயக் கணக்குதான், ஆனால் கணக்கு போகிற முறை சரி. மான்சி, சாயெகி என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1953-லேயே இதை எழுதிவிட்டார்கள். மக்காச்சோளத்தில் கருது இருப்பது செடியின் நடுவில், அதற்குச் சோறு போடுவது பெரும்பாலும் கருதை ஒட்டி இருக்கிற இலைகள். வெயில் அதுவரை இறங்காவிட்டால் உச்சியில் எவ்வளவு பச்சை இருந்தும் பிரயோஜனமில்லை.

தட்டு மெலிந்து உயர்ந்ததற்குக் காரணம் வேறு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். பக்கத்துச் செடியிலிருந்து அந்த ஒளி அதிகமாக வந்து விழுந்தால், நிழல் விழுவதற்கு முன்பே செடிக்குத் தெரிந்துவிடுகிறது, ஆள் நெருங்கிவிட்டான் என்று. உடனே பருமனை விட்டுவிட்டு உயரத்துக்குப் போகிறது. கருதின் முடி தாமதமாக வெளியே வருகிறது, அதற்குள் மேலே பூ தூளைக் கொட்டி முடித்துவிடுகிறது. உங்கள் காட்டில் கருதே இல்லாத தட்டும், அங்கங்கே மணி பிடித்த பொக்கைக் கருதும் இப்படி வந்தவைதான். அதற்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. உங்கள் பக்கம் காற்றாலை நட்டிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தானே. மெலிந்த தட்டு அதற்கு எப்படி நிற்கும்?

இப்போது செய்ய வேண்டியது: கருது இல்லாத தட்டைக் காயவிடாமல் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். அடுத்த போகத்தில் 2 அடிக்கு 10 அங்குலம் வையுங்கள். நிமிர்ந்த இலை ரகம் கிடைத்து, தண்ணீரும் உரமும் தட்டுப்பாடில்லாமல் கொடுக்க முடியும் என்றால் 10 சென்ட்டில் மட்டும் 8 அங்குலம் வைத்துப் பாருங்கள், அது ஏக்கருக்கு 32,000 சொச்சம் கணக்கு. பூ எடுக்கும்போது நண்பகல் 12 மணி வாக்கில் ஒரு சணல் கயிற்றில் சாண் இடைவெளியில் 100 முடிச்சு போட்டு, பார்களுக்குக் குறுக்கே சாய்வாகத் தரையில் விரியுங்கள். எத்தனை முடிச்சின் மேல் வெயில் பொட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். நாலு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். ஐந்து முதல் பத்துக்குள் இருந்தால் நல்ல நெருக்கம். 20, 25 என்று வந்தால் வெயிலைத் தரைக்குக் கொடுக்கிறீர்கள், களைதான் கொழுக்கும். ஒன்று இரண்டுதான் வருகிறது, அடி இலையும் நேரத்துக்கு முன்பே மஞ்சளாகிறது என்றால் நெருக்கம் மிகுதி. நான் பத்து வருடமாக என் காட்டில் இந்தக் கயிற்றைத்தான் விரிக்கிறேன்.

நெல்லில் ஒற்றை நாற்றை 25 செ.மீ.க்கு ஒன்றாக நடச் சொல்கிறார்கள். நட்ட புதிதில் வயல் வெறிச்சென்று கிடக்கிறது. அத்தனை வெயிலும் தண்ணீரில் விழுந்து வீண்தானே?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

முதல் மூன்று, நாலு வாரம் வீண்தான், அதை மறைக்கக் கூடாது. 20-க்கு 10 செ.மீ. நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து, 25-க்கு 25 நட்டால் 16 குத்து. அந்த 34 குத்தின் இடத்தை மீதி 16 குத்து அடியிலிருந்து புதுத் தண்டுகள் விட்டு, அதாவது தூர் வெடித்து நிரப்ப வேண்டும். 14 நாள் நாற்றாக இருந்து, களைக்கருவியை உருட்டி, தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுக் கட்டினால் நிரப்பிவிடும். வாய்க்காலில் தண்ணீர் தாமதமாகி 30 நாள் முற்றின நாற்றை நடுகிறீர்கள், அல்லது குறுகிய கால ரகம் என்றால் தூர் வெடிக்க நாளே இருக்காது. அப்போது இந்த இடைவெளி வேண்டாம், பழையபடி நெருக்கி நடுங்கள்.

நெல்லில் இலையின் நிமிர்வு இன்னும் முக்கியம். மக்காச்சோள இலை உச்சி வெயிலையும் கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளும். நெல் இலை அப்படியல்ல, நண்பகல் வெயிலில் பாதிகூட வருவதற்கு முன்பே அதற்கு வயிறு நிறைந்துவிடும். மிச்சம் வீண். அதனால் உச்சி இலை கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீதியைக் கீழே விட வேண்டும். 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 சாதித்தது பெரும்பாலும் இதைத்தான். இந்தோனேசியாவின் பேட்டா என்ற உயரமான நெல்லோடு தைவானின் குட்டை நெல்லைச் சேர்த்து உருவாக்கினது. ரகம் குட்டை, இலை நிமிர்ந்தது, உரம் போட்டாலும் சாயாது. அதற்கு முன்பு இருந்த உயரமான நெல்லுக்கு உரத்தைக் கூட்டினால் இலை நீண்டு தொங்கி ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கடைசியில் பயிரே படுத்துவிடும். உங்கள் வயலில் கதிர் வந்த பிறகு கண்ணாடி இலையை, அதாவது கதிரை ஒட்டி வருகிற கடைசி இலையைப் பாருங்கள். கதிருக்கு மேலே வாள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறதா, கதிரோடு தொங்குகிறதா? தொங்குகிற ரகம் என்றால் தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள், நெருக்கியும் நடாதீர்கள்.

தென்னந்தோப்புக்கு 12 வயசு. 25 அடிக்கு 25 அடி வைத்தது. ஊடே வாழை வைத்தேன், வெளிறிப்போய் நிற்கிறது. அப்பா வைத்தபோது நன்றாக வந்ததே! பக்கத்துத் தோட்டத்தில் 20 அடிக்கு 20 அடி நெருக்கி வைக்கிறார்கள், நானும் இடையில் கன்று வைக்கலாமா?
– ஒரு வாசகர், ஆனைமலை

கன்று வைக்க வேண்டாம் தம்பி. 25 அடியில் ஏக்கருக்கு 70 மரம், 20 அடியில் 109. தென்னை மட்டை 16, 18 அடி வரை நீளும். 20 அடியில் இரண்டு மரத்து மட்டையும் பின்னிக்கொள்ளும், மரம் வெயிலைத் தேடி ஒல்லியாக மேலே போகும். மரம் கூட வேண்டும் என்றால் புதுத் தோப்பில் அதே 25 அடியை முக்கோண நடவாக வையுங்கள், ஏக்கருக்கு 80 வரும், அதாவது 15 சதம் அதிகம், எந்த மரமும் இன்னொன்றை நெருங்காமலே.

அப்பா காலத்து வாழை நன்றாக வந்ததற்குக் காரணம் தோப்பின் வயசு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1970-களிலேயே இதை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார்கள். முதல் எட்டு வருடம் வரை தரைக்கு வெயில் தாராளமாக வரும், வாழையோ கடலையோ எதை வேண்டுமானாலும் போடலாம். எட்டிலிருந்து 25 வயசு வரை கொண்டை தாழ்வாகவும் அகலமாகவும் இருந்து தரையை மூடிவிடும், தரைக்கு ஐந்தில் ஒரு பங்கு வெயில்தான். 25-க்கு மேல் மரம் உயர்ந்து கொண்டை மேலே போய்விட்டால் வெயில் பக்கவாட்டில் நுழைந்து மறுபடி இறங்கும். உங்கள் தோப்பு இப்போது இருட்டுக் கட்டத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் வாழை கேட்கிற வெயிலை அதால் கொடுக்க முடியாது. நிழலிலேயே வளர்ந்து பழகின கோகோவும் ஜாதிக்காயும்தான் சரி, உங்கள் வட்டாரத்திலேயே நிறையத் தோப்பில் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். ஜாதிக்காய்க்குச் சின்ன வயசில் நிழல் வேண்டும், தண்ணீரும் காயாமல் வேண்டும். வைக்கும் முன் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலைவிடத் தண்ணீர்தான் பெரிய கேள்வியாக வரும்.

மஞ்சளுக்குள் சின்ன வெங்காயம் ஊன்றுவது எங்கள் அமுச்சி காலத்து வழக்கம். இப்போது "மஞ்சளுக்குப் போட்டி, வேண்டாம்" என்கிறார்கள். விடலாமா?
– ஒரு வாசகி, மொடக்குறிச்சி

விடாதீர்கள் அம்மணி. மஞ்சள் நட்டு முளைத்து, அந்த அகல இலை பாத்தியை மூட மூன்று, நாலு மாதம் ஆகும். வெங்காயம் அதற்குள் 65, 70 நாளில் பிடுங்கி வீட்டுக்கு வந்துவிடும். மஞ்சளுக்குத் தேவைப்படாத நாட்களின் வெயிலைத்தான் வெங்காயம் எடுத்துக்கொள்கிறது. வெங்காயத்தாள் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்பது, நிழலே கட்டாது. அமுச்சி கணக்கு சரியான கணக்கு. பாத்தி ஓரத்து ஆமணக்கை மட்டும் ஆறேழு அடி தள்ளித் தள்ளி வையுங்கள், லேசான நிழல் மஞ்சளுக்கு இதம், கூரை போட்டுவிடக் கூடாது.

பருத்தியை அடர்நடவு செய்தால் நல்லதா?
– ஒரு வாசகர், அவிநாசி

ரகத்தைப் பொறுத்தது. பருத்தியில் அடியிலிருந்து மரம் மாதிரி கிளம்புகிற கிளைகள் உண்டு, அவை நேராகக் காய்க்காது, இடத்தை அடைக்கும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 17-ல் அந்தக் கிளையே கிடையாது, காய்க்கிற கிளையும் குட்டையானது. அதனால் வரிசைக்கு வரிசை 100 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்று ஏக்கருக்கு 40,000 வைக்க முடிகிறது, காயும் ஒன்றுபோல வெடிக்கும். படர்ந்து வளர்கிற வீரிய ஒட்டு ரகத்தை இந்த இடைவெளியில் வைத்தால் அடிக்காய் இருட்டிலும் ஈரத்திலும் அழுகும், விதைச் செலவும் தாங்காது.

எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல் மரத்தின் அடி வரைக்கும் வளர்கிறது. வேம்புக்கு அடியில் தரை மொட்டையாகக் கிடக்கிறது. ஏனுங்க?
– ஒரு வாசகர், காங்கேயம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் முன்னோர்கள் மேய்ச்சல் காட்டுக்கு எந்த மரத்தை விட்டுவைத்தார்கள் என்று பாருங்கள். வெள்வேலின் இலை பொடிப்பொடியாகப் பிரிந்தது, கொண்டை உயரத்தில் குடை மாதிரி விரிந்தது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் சல்லடைக்குள் தெரிகிற மாதிரி தெரியும். நிழலும் வெயிலும் நகர்ந்துகொண்டே இருக்கிற நிழல் அது, புல்லுக்கு வெயிலும் கிடைக்கும், சூடும் குறையும். காய் உதிர்ந்தால் ஆடு மாட்டுக்குத் தீனி. வேம்பின் கொண்டை அடர்த்தி, நமக்குக் கட்டில் போட்டுப் படுக்க அருமையான நிழல், புல்லுக்கு இருட்டு. புதிதாகக் கொறங்காடு போடுகிறவர்கள் கிளுவை வேலிக்குள் வெள்வேலையே வையுங்கள். சீக்கிரம் வளரும் என்று அடர்ந்த மரமாக வைத்துவிட்டால் நாலு வருடத்தில் புல் போய்விடும்.

தீவனச் சோளத்தை மட்டும் ஏன் அள்ளித் தூவுகிறோம்?
– ஒரு வாசகர், குன்னத்தூர்

மாடு மெல்லிய தட்டைத்தான் மிச்சம் வைக்காமல் தின்னும். மக்காச்சோளத்தில் மேலே திட்டின அதே நெருக்கம்தான் இங்கே தட்டை மெலிசாக்கிக் கொடுக்கிறது. தானியத்துக்கு விடுவதாக இருந்தால் நடுநடுவே செடியைப் பிடுங்கி இடைவெளி விடுங்கள்.

செடிகள் தாங்களாகவே இலையைத் திருப்பி வெயிலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுமா?
– பிளஸ் ஒன் மாணவி, பெருந்துறை

கொள்ளும் கண்ணு. தட்டைப்பயறு இலை வெயில் ஏற ஏறத் திரும்புவதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் நீயே பார்க்கலாம். தண்ணீர் குறைந்த மக்காச்சோளம் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொள்ளும். கடலை ராத்திரி இலையை மூடும். இளம் சூரியகாந்தி காலையில் கிழக்கும் சாயங்காலம் மேற்கும் பார்க்கும், பூ முற்றிவிட்டால் கிழக்கிலேயே நின்றுவிடும். பலரும் பூ கடைசிவரை சுற்றும் என்று எழுதுகிறார்கள், பரீட்சையில் நீ அப்படி எழுதிவிடாதே.

செடிமுருங்கை வரிசைக்கு வரிசை 15 அடி விட்டு வைக்கப் போகிறேன், ஊடே சின்ன வெங்காயம் போட யோசனை. வரிசை எந்தத் திசையில் போக வேண்டும்?
– ஒரு வாசகர், மூலனூர்

கிழக்கு மேற்காக. நம் பக்கம் சூரியன் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். மற்ற மாதங்களில் கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ சாய்ந்திருக்கும். வரிசை கிழக்கு மேற்காக இருந்தால் காலை நிழலும் மாலை நிழலும் பெரும்பாலும் அதே வரிசையின் மேலேயே விழுந்து ஓடும், ஊடுபயிருக்கு வெயில் மிச்சமாகும். தெற்கு வடக்காக வைத்தால் இரண்டு வேளையும் நிழல் வெங்காயத்தைக் கடந்து போகும். முருங்கை இலை பொடி இலை, நிழலும் லேசுதான். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டு, அப்புறமும் 10 அடிக்கு மேல் போகாமல் கவாத்து செய்யுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது 10 அடி மரத்தின் நண்பகல் நிழல் வடக்குப் பக்கம் 7 அடிக்கு விழும். அந்த 7 அடியில் வெங்காயம் வேண்டாம், கொத்தமல்லி விதையுங்கள், லேசான நிழலில் தழை மென்மையாக வரும். மீதி 8 அடி வெங்காயத்துக்கு.